இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிய ஒரு மதிப்பெண் கேள்வி இது: கணினியின் தந்தை யார்? சார்லஸ் பாபேஜ் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் அதே கேள்வி, அதே விடை. விடையில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி நம் பார்வையை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிறது. கணினி என்பது ஒரு பொருள், அதை ஒருவர் கண்டுபிடித்தார், பிறகு அது சிறுத்துக்கொண்டே வந்து சட்டைப்பைக்குள் நுழைந்தது என்று ஒரு கதை மனத்தில் தங்கிவிடுகிறது.

நிரல் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். இயந்திரம் என்னைப் படுத்துவது அபூர்வம். அதனிடம் என்ன செய்ய வேண்டும் என்று பிசகில்லாமல் சொல்வதற்குள்தான் பொழுது போய்விடுகிறது. இந்தத் துறையின் முன்னோடிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர்களுடைய பாடும் இதேதான் என்று தெரிந்தது. இயந்திரம் கட்டியவர்களுக்குப் பெயரும் சிலையும் கிடைத்தன. அதனிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர்களுக்குப் பல வருடங்கள் எதுவுமே கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாபேஜிடமிருந்தே தொடங்கலாம். 1830-களில் லண்டனில் அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரம் முழுக்க முழுக்கப் பற்சக்கரங்களால் ஆனது. கடைசிவரை அது கட்டி முடிக்கப்படவில்லை. அதற்குக் கட்டளை கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட வழி நெசவிலிருந்து வந்தது. பிரான்சில் உருவான ஜக்கார்டு தறியைக் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் இன்றும் பார்க்கலாம். தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதில் சங்கிலி மாதிரி கோத்த அட்டைகள், அட்டைகளில் துளைகள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. அட்டைக் கட்டை மாற்றினால் அதே தறி வேறு பூவை நெய்யும். பாபேஜ் இந்த ஏற்பாட்டைக் கணக்குக்குக் கொண்டுவர நினைத்தார்.

அந்த நினைப்பின் முழு வீச்சையும் எழுத்தில் கொண்டுவந்தவர் அடா லவ்லேஸ். பாபேஜின் எந்திரத்தைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனாப்ரியா 1842-இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கூடவே தன் குறிப்புகளையும் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். கடைசிக் குறிப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையை அந்த எந்திரம் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று படிப்படியாக அதில் எழுதியிருக்கிறார். எந்த இடத்திலிருந்து எண்ணை எடுப்பது, கூட்டுவதா வகுப்பதா, விடையை எங்கே வைப்பது, எந்தப் படிகளுக்குத் திரும்பிப் போவது, எல்லாம் அதில் உண்டு. இல்லாத இயந்திரத்துக்காக எழுதிய நிரல் அது. அச்சான அந்த அட்டவணையின் நான்காவது வரியில் ஒரு பிழையும் இருக்கிறது. வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிக் கிடக்கின்றன. அடாவின் கை தவறியதோ, அச்சுக் கோத்தவரின் கை தவறியதோ! என்னை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அந்தப் பிழைதான். இப்படி இடம் மாற்றிப் போட்டுவிட்டு நான் உட்கார்ந்து தேடிய மாலைகள் எத்தனையோ.

அதே குறிப்புகளில் அடா இன்னொன்றும் சொல்கிறார். இந்த எந்திரம் எண்களோடு நிற்க வேண்டியதில்லை. இசைச் சுரங்களுக்கு இடையிலான உறவுகளைக் குறிகளாக எழுத முடிந்தால் அது இசையையும் அமைக்கும். பாபேஜின் கண் பெரும்பாலும் கணித அட்டவணைகளின் மேலேயே இருந்தது. அடா அதைத் தாண்டிப் பார்த்தார். 1852-இல் 36 வயதில் இறந்துபோனார்.

அடுத்த பெரிய அடிக்கு 90 வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1936-இல் கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது கம்ப்யூட்டர் என்ற சொல் மனிதரைக் குறித்தது. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கணக்குப் போடும் ஊழியருக்கு அதுதான் பதவிப் பெயர். அந்த ஊழியர் உண்மையில் என்ன செய்கிறார் என்று டூரிங் கூர்ந்து பார்த்தார். ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். மனத்தில் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறார். அந்த இரண்டையும் வைத்துக் கட்டத்தில் எதையாவது எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார், மனநிலையை மாற்றிக்கொள்கிறார். எவ்வளவு பெரிய கணக்காக இருந்தாலும் இதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை.

இதை நாமே செய்து பார்க்கலாம். ஒரு நீளமான நாடாவில் 1011 என்று எழுதியிருக்கிறது. இரும எண் முறையில் இது 11. இதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். வலது ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள். விதிகள் இவ்வளவுதான்: 1-ஐப் பார்த்தால் 0 ஆக்கிவிட்டு இடப்பக்கம் நகரு, 0-வையோ வெற்றுக் கட்டத்தையோ பார்த்தால் 1 எழுதிவிட்டு நில். முதலில் 1, அது 0 ஆகிறது. அடுத்ததும் 1, அதுவும் 0. அடுத்து 0, அது 1 ஆகிறது, நிற்கிறோம். நாடாவில் இப்போது 1100, அதாவது 12. கூட்டல் என்றால் என்னவென்று தெரியாத ஒன்று, கண்ணால் பார்த்துக் கையால் மாற்றியே, கூட்டி முடித்துவிட்டது.

டூரிங்கின் பெரிய தாவல் இதற்கு அப்புறம்தான் வருகிறது. மேலே சொன்ன விதிகளும் எழுத்துகள்தானே, அவற்றையும் நாடாவிலேயே எழுதிவிட்டால்? அந்த விதிகளைப் படித்து அதன்படி நடக்கும் ஒரே ஒரு இயந்திரம் போதும். கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை. இதற்குப் பொது இயந்திரம் என்று பெயர் வைத்தார். ஒரே கைபேசி கேமராவாகவும் கணக்குப்பொறியாகவும் வரைபடமாகவும் மாறுவதற்கு வேர் அங்கே இருக்கிறது. கூடவே எல்லையையும் காட்டினார். இன்றைய சொற்களில் சொன்னால், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றைக்காவது முடியுமா, சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தப்பாமல் சொல்லிவிடும் பொதுவான வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்று நிரூபித்தார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் அதே வருடம் வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார். ஒரு கணினிகூட இல்லாத காலத்தில், கணினியால் என்ன முடியாது என்பதை இருவரும் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

1941-இல் பெர்லினில் கொன்ராட் சூசே கட்டிய இசட்-3, போரின்போது பிரிட்டன் ரகசியமாக வைத்திருந்த கொலோசஸ் இரண்டுக்கும் தனிக் கட்டுரை வேண்டும். நாம் பிலடெல்பியாவுக்குப் போவோம்.

பீரங்கியை எந்தக் கோணத்தில் வைத்தால் குண்டு எங்கே விழும் என்பதற்கு ராணுவத்துக்கு அட்டவணை தேவைப்பட்டது. ஒவ்வொரு வகைப் பீரங்கிக்கும், ஒவ்வொரு வகைக் குண்டுக்கும், காற்றுக்கும் வெப்பத்துக்கும் தகுந்தபடி தனித்தனி அட்டவணை. ஒரேயொரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட 30 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இந்த வேலைக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதம் தெரிந்த இளம்பெண்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். அவர்களும் கம்ப்யூட்டர்கள்தான். அதே வளாகத்தில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் எனியாக் என்ற மின்னணு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகள் (பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடிக் குழாய்கள்), 30 டன் எடை, நொடிக்கு 5,000 கூட்டல்.

அந்த இயந்திரத்துக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க 6 பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். பெயர்களை முழுசாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, பல வருடங்கள் இவை எங்குமே எழுதப்படவில்லை. பாதுகாப்பு அனுமதி வரும்வரை அவர்களை இயந்திரம் இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்து, இது எப்படி ஓடுகிறது, இதில் எப்படிக் கணக்குப் போடுவது என்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். பாடப்புத்தகம் கிடையாது, மொழி கிடையாது. நிரல் என்பதே அங்கே கம்பியும் சுவிட்சும்தான். ஒரு பெட்டியின் விடை எந்தப் பெட்டிக்குப் போக வேண்டுமோ அங்கே கம்பியை இழுத்துச் செருக வேண்டும், சுவிட்சுகளைத் திருகி வைக்க வேண்டும். புதிய கணக்கு என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. ஒரு கணக்கை இயந்திரத்தில் ஏற்றவே நாட்கணக்கில் ஆகும். படம் பார்த்தே கற்றுக்கொண்டதால், எங்கே கோளாறு என்றாலும் கிட்டத்தட்ட எந்த வால்வு என்றுவரை அவர்களால் சொல்ல முடிந்தது.

1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டினார்கள். காட்டுவதற்கான குண்டுப் பாதைக் கணக்கை எழுதியவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். முந்தின நாள் ராத்திரி ஒரு பிழை. கணக்கு எல்லாம் சரி, ஆனால் குண்டு தரையைத் தொட்ட பிறகும் இயந்திரம் நிறுத்தாமல், மண்ணுக்குள் போய்க்கொண்டிருப்பதாகக் கணக்குப் போட்டது. ஸ்னைடர் அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் படுத்தார். காலையில் எழும்போது எந்த சுவிட்ச் தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தார், திருகினார், சரியாகிவிட்டது. விழாவில் குண்டு பறக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் இயந்திரம் அதன் பாதையைக் கணக்கிட்டு முடித்தது. கூட்டம் கைதட்டியது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. புகைப்படங்களில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்றே பின்னாளில் பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். 50 வருடங்கள் கழித்துத்தான் அவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கம்பி பிடுங்கும் அந்த வேதனையிலிருந்துதான் அடுத்த யோசனை பிறந்தது. எண்களை வைத்திருக்கும் நினைவகத்திலேயே கட்டளைகளையும் வைத்துவிட்டால் என்ன? டூரிங்கின் நாடாவில் இருந்த அதே எண்ணம், இப்போது மின்சாரத்தில். எக்கர்ட், மாக்லி குழுவின் பேச்சுகளில் கணித மேதை ஜான் வான் நியூமனும் கலந்துகொண்டார். எல்லாவற்றையும் தொகுத்து 1945 ஜூனில் அவர் ஓர் அறிக்கை எழுதினார். அதை எல்லா இடங்களுக்கும் அனுப்பி வைத்தபோது அட்டையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. இன்றுவரை இந்த அமைப்பை வான் நியூமன் கட்டமைப்பு என்றே கல்லூரிகளில் சொல்லித் தருகிறோம். எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் அது ஆறாத காயம். போதாததற்கு, அந்த அறிக்கை முன்னமே வெளியானதும் ஒரு காரணமாகி, 1973-இல் அமெரிக்க நீதிமன்றம் எனியாக் காப்புரிமையை ரத்து செய்துவிட்டது. ஜான் அட்டனாசாஃப் செய்த முந்தைய வேலையிலிருந்து மாக்லி எடுத்துக்கொண்டார் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. வான் நியூமனின் தெளிவு இல்லாமல் அந்த யோசனை அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் ஒரு குழுவின் உழைப்பு ஒரே பெயரில் போனது சரியில்லை.

சேமித்த நிரலில் முதலில் ஓடியது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த சின்ன இயந்திரம். அதைச் செல்லமாக பேபி என்பார்கள். பிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் ஜெஃப் டூடிலும் கட்டியது. நினைவகம் ஒரு படக்குழாய். திரையில் மின்னும் புள்ளிகள்தான் 0-வும் 1-உம், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மொத்தம் 1,024 புள்ளிகள், அதாவது 128 பைட். இன்று இணையத்தில் தமிழை எழுதி வைக்கும் முறையில் ‘கணினி’ என்ற சொல்லுக்கு 15 பைட் ஆகிறது. அதை 8 முறை எழுதினால் பேபியின் நினைவகம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அந்த இடத்துக்குள் கில்பர்ன் 17 கட்டளைகளில் ஒரு நிரலை எழுதினார். 262,144 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அதைவிடச் சிறியவற்றுள் மிகப் பெரியது எது? மேலிருந்து ஒவ்வொரு எண்ணாக முயன்று பார்க்கச் சொன்னார். 1948 ஜூன் 21 அன்று 52 நிமிடம் ஓடி 131,072 என்று விடை சொன்னது. பாதி என்று யாருக்கும் தெரியும். தெரிந்த விடையாக இருந்ததால்தானே இயந்திரம் சரியாக ஓடியதென்று நம்ப முடிந்தது!

அடுத்த வருடம் மே மாதம் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸின் எட்சாக் ஓடத் தொடங்கியது. இது அன்றாடம் பிறர் வந்து பயன்படுத்துவதற்கென்றே கட்டிய இயந்திரம். சில வாரங்களில் வில்க்ஸுக்கு ஓர் உண்மை உறைத்தது. இயந்திர அறைக்கும் நாடாவில் துளையிடும் இடத்துக்கும் நடுவே படியேறும்போது, இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று தோன்றியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நூற்றுச் சொச்சம் வரி நிரல் ஒன்று அவரை அந்தப் பாடு படுத்தியிருந்தது. இயந்திரம் கட்டி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேலையே அங்கேதான் தொடங்குகிறது என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் அவர் ஒருவர்.

அதற்கு மருந்து கண்டவர் அவருடைய மாணவர் டேவிட் வீலர். வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் வரிகளை ஒவ்வொரு நிரலிலும் புதிதாக எழுதுவானேன்? ஒரு முறை சரியாக எழுதிவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் அங்கே தாவிப் போய்த் திரும்பி வரலாம். ஆனால் வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்று அந்தத் துண்டுக்கு எப்படித் தெரியும்? போகும்போதே, நான் இந்த இடத்திலிருந்து வருகிறேன் என்று ஒரு சீட்டு எடுத்துப் போகும்படி வீலர் செய்தார். இதுதான் துணைநிரல். கேம்பிரிட்ஜில் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களாக ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். தேவையானதை எடுத்துப் பிரதி செய்து உங்கள் நாடாவில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்று நாங்கள் ஒரே வரியில் பிறர் எழுதியதை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோமே, அதன் தொடக்கம் அந்த அலமாரி.

இனி கிரேஸ் ஹாப்பர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர். கணிதத்தில் யேல் பல்கலைக்கழக முனைவர், கல்லூரிப் பேராசிரியர். போர்க்காலத்தில் கல்லூரியில் விடுப்பு எடுத்துக் கடற்படையில் சேர்ந்தார். 1944-இல் ஹார்வர்டில் மார்க்-1 இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். (ரிலேயில் சிக்கிய விட்டில் பூச்சிதான் பிழைக்கு ‘பக்’ என்ற பெயர் வரக் காரணம், அதைப் பிடித்தவர் ஹாப்பர் என்று ஒரு கதை உண்டு. 1947-இல் மார்க்-2 குறிப்பேட்டில் பூச்சி ஒட்டப்பட்டது உண்மை. பிடித்தவர் அவர் இல்லை, அந்தச் சொல்லும் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர்.)

அங்கே நிரலாளர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று ஹாப்பர் கவனித்தார். ஆளுக்கொரு நோட்டு. சரியாக ஓடிய நிரல் துண்டுகளை அதில் எழுதி வைத்திருப்பார்கள். சைன் கணக்கிட வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரின் நோட்டை வாங்கிப் பார்த்து எழுத வேண்டும். அப்படியே எழுதினாலும் போதாது, புதிய நிரலில் அந்தத் துண்டு வேறு இடத்தில் உட்கார்வதால் ஒவ்வொரு முகவரியோடும், அதாவது நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் எண்ணோடும், ஒரு எண்ணைக் கூட்டி எழுத வேண்டும். பார்த்து எழுதுவதில் மனிதர்கள் தவறு செய்கிறார்கள், கூட்டுவதிலும் தவறு செய்கிறார்கள். இந்த இரண்டையும் அலுக்காமல் பிசகாமல் செய்யும் ஒன்று அறையின் நடுவிலேயே நிற்கிறது! அதையே செய்யச் சொன்னால் என்ன என்று ஹாப்பர் கேட்டார். துணைநிரல்களுக்கு எண் கொடுத்து, எது எது வேண்டும் என்று மட்டும் மனிதர் எழுதினால் போதும், எடுத்து அடுக்கி முகவரி திருத்தி முழு நிரலாக்குவது இயந்திரத்தின் பொறுப்பு. 1952-இல் யூனிவாக் இயந்திரத்துக்காக அவர் எழுதிய ஏ-0 இப்படித்தான் வேலை செய்தது. அதற்குக் கம்பைலர் என்று பெயரிட்டவரும் அவரே. இன்றைய கம்பைலர் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் அது செய்தது. ஆனாலும் நிரலே நிரலை எழுத முடியும் என்று அது காட்டிவிட்டது. கணினி கணக்குத்தான் போடும், நிரலா எழுதும் என்று சுற்றியிருந்தவர்கள் நம்ப மறுத்தார்களாம்.

அத்தோடு அவர் விடவில்லை. கணக்கரும் கிடங்கு மேலாளரும் குறியீடு கற்றுக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பேசும் சொற்களிலேயே கட்டளை இருக்க வேண்டும் என்றார். மேலதிகாரிகளுக்கு ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரு நிரலைக் காட்டினார். அப்புறம் அதே நிரலைப் பிரெஞ்சில் காட்டினார், ஜெர்மனில் காட்டினார். அவர்கள் மிரண்டுவிட்டார்கள். அமெரிக்காவில் கட்டிய இயந்திரத்துக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று கேட்டார்களாம். ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்துப் பிழைக்க வேண்டியிருந்ததாக ஹாப்பர் பின்னாளில் சொன்னார். இயந்திரத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான், எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல் என்ற பட்டியல் இருந்தால் போதும். ‘கையிருப்பை விலையால் பெருக்கு’ என்று எழுதினாலும் அது பெருக்கும். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் ‘பதிப்பி’ என்று கட்டளை எழுதிக் குழந்தைகள் பழகலாம். நிரல் என்றால் ஆங்கிலம் என்று ஆகிப்போனது இயற்கை நியதியால் இல்லை. அன்று பிலடெல்பியாவில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் பயத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஹாப்பரின் அந்த வேலையிலிருந்து 1959-60 வாக்கில் கோபால் (COBOL) என்ற நிரல்மொழி உருவானது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் 1986-இல், 79 வயதில், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். கூட்டங்களுக்குப் போகும்போது ஓர் அடி நீளத்துக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டுகளைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பார். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் அது.

கம்பைலர் எழுதும் நிரல், கைதேர்ந்த மனிதர் எழுதுவதைவிட மெதுவாகத்தான் ஓடும் என்ற புகாருக்கு ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு பதில் சொன்னது. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வருடம் இழுத்து 1957-இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தது. கையால் எழுதியதற்கு ஈடான வேகத்தில் அது ஓடியது. விஞ்ஞானிகள் சூத்திரத்தைச் சூத்திரமாகவே எழுதத் தொடங்கினார்கள். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பேக்கஸ் ஒரு குறிமுறையையும் வகுத்தார், பீட்டர் நார் அதைச் செம்மைப்படுத்தினார். அது பாணினியின் இலக்கண விதிகளை ஒத்திருக்கிறது என்றும், அவர் பெயரையும் அதில் சேர்க்கலாம் என்றும் 1967-இல் ஒருவர் ஆய்விதழுக்குக் கடிதமே எழுதினார்.

இவ்வளவுக்கும் பிறகும் நிரல் எழுதுவது ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. 1957-இல் நெதர்லாந்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தன் திருமணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் நிரலாளர் என்று எழுதினார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதை ஏற்கவில்லை, அப்படியொரு தொழிலே இல்லை என்றார்கள். கோட்பாட்டு இயற்பியலாளர் என்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமோ பேனாவோ இல்லாமல் 20 நிமிடத்தில், இரண்டு ஊர்களுக்கு இடையே குறுகிய வழி கண்டுபிடிக்கும் முறையை யோசித்து முடித்திருந்தார். இன்று கைபேசி வழி காட்டும்போது உள்ளே ஓடும் முறைகளுக்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

12 வருடம் கழித்து நிலவில் மனிதர் இறங்க, அந்தத் தொழில்தான் கைகொடுத்தது. அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு எம்ஐடியில் மென்பொருள் எழுதிய குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். அந்த நிரலைச் சேமித்த விதத்தைக் கேட்டால் காஞ்சிபுரத்துத் தறி நினைவுக்கு வரும். சின்னச் சின்னக் காந்த வளையங்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து, ஊசியில் கம்பியைக் கோத்து, நிரல் முழுவதையும் நெய்தார்கள். பாபேஜ் கடன் வாங்கிய நெசவு இங்கே நிஜமாகவே நடந்தது. நெய்து முடித்த பின் ஒரு கட்டளையை மாற்றுவது பெரும்பாடு, அதனால் முன்கூட்டியே எல்லாக் கோளாறையும் யோசித்தாக வேண்டும். 1969 ஜூலை 20 அன்று தரையிறங்கும் நேரத்தில் 1202 என்ற அபாய எண் திரையில் வந்தது. தேவையில்லாமல் இயங்கிய ஒரு ரேடார் இணைப்பு, கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. நிரல் மயங்கி நின்றுவிடவில்லை. முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு தன்னைத் திரும்பத் தொடங்கியது. எந்த வேலை முக்கியம் என்ற வரிசையை முன்கூட்டியே யோசித்து அமைத்தவர் ஹால் லேனிங். அவர் பெயரும் அதிகம் வெளியே தெரியாது.

கம்பி, துளை, எண், சொல் என்று மாறி மாறி வந்த இந்த ‘சொல்லும்’ வேலையை வாயாலேயே செய்ய முடியுமா என்று கேட்டவர் நம் கிண்டியில் படித்தவர். ராஜ் ரெட்டி, 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் முடித்தார். பிறகு ஆஸ்திரேலியா, அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு. 1966-இல் ஜான் மெக்கார்த்தியிடம் முனைவர் பட்டம் பெற்றார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பேச்சறிதலில் வேலை செய்தார். 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமோடு சேர்ந்து, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றார். ஆசியாவில் பிறந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

1970-களின் தொடக்கத்தில் அவர் குழு கட்டிய ஹியர்சே என்ற அமைப்பு, சதுரங்க நகர்த்தலை வாயால் சொன்னால் கேட்டுப் புரிந்துகொண்டது. அன்றைய கணினியில் ஒலியை மட்டும் வைத்துச் சொல்லைப் பிரித்தறிவது நடக்காத காரியம். அறையின் இரைச்சல், ஆளுக்கு ஆள் மாறும் உச்சரிப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சொற்கள், எல்லாம் குறுக்கே நின்றன. அதனால் ஹியர்சே பலகையையும் பார்த்தது. இந்த நிலையில் விதிப்படி என்னென்ன நகர்த்தல்கள் சாத்தியம் என்று பட்டியல் போட்டு, காதில் விழுந்த அரைகுறை ஒலி அவற்றில் எதற்குப் பொருந்துகிறது என்று தேடியது. எதிரில் இருப்பவர் என்ன சொல்லக்கூடும் என்று தெரிந்திருந்தால் பாதி கேட்டாலே போதும் என்பது நாம் வீட்டில் தினமும் செய்வதுதான். அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவே ‘உப்பு’ என்பதில் ஒரு எழுத்து விழுந்தாலும் கை உப்பு டப்பாவுக்குப் போய்விடுகிறது. கைபேசியில் நான் தமிழில் பேசி எழுதும்போது, ஒரு சொல்லை முதலில் தப்பாகப் போட்டுவிட்டு, வாக்கியம் முடிந்ததும் அதுவே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்கிறது. நேற்று ‘மழை’ என்றேன், ‘மலை’ என்று விழுந்தது. ‘வரும்போல இருக்கு’ என்று முடித்ததும் ‘மழை’ ஆகிவிட்டது.